கெய்ஷா காபி: பூர்வீகமும் ருசியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஆகஸ்டில் பனாமா நாட்டில் நடந்த ஏலத்தில் வறுக்காத பச்சைக் கெய்ஷா காபிக்கொட்டை ஒரு கிலோ 30,204 டாலருக்குப் போனது. நம் பணத்தில் ஏறக்குறைய 26 லட்சம் ரூபாய். செய்தி வந்த அன்று சொந்தக்காரர்கள், பழைய நண்பர்கள் என்று ஆளாளுக்கு எனக்கு அதை அனுப்பி வைத்தார்கள். 'நீ வாங்கிக் குடிக்கிறது இதுதானா?' என்று கூடவே ஒரு கேள்வி. இனம் இதுதான், விலை அது இல்லை. அந்த ஒரு வாரத்தில் வந்த கேள்விகளையும், அதற்கு முன்பு பல தடவை வாய்வலிக்கப் பதில் சொன்ன கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கெய்ஷா என்பது கம்பெனி பெயரா, ஊர் பெயரா, செடியின் பெயரா?

செடியின் பெயர். அராபிகா காபியில் ஒரு ரகம். மாம்பழத்தில் இமாம்பசந்த் இல்லையா, அந்த மாதிரி. யார் தோட்டத்திலும் வளரலாம், யாரும் விற்கலாம். ஆனால் செடிக்கு அந்தப் பெயர் ஊரிலிருந்து வந்தது. எதியோப்பியாவின் தென்மேற்கில் கெஷா என்ற பகுதி இருக்கிறது. காட்டுக்குள்ளேயே காபி தானாக முளைத்து வளரும் நாடு அது. விதை சேகரித்த ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் கெய்ஷா ஆகிவிட்டது. இன்று சிலர் கெஷா என்றும் சிலர் கெய்ஷா என்றும் பாக்கெட்டில் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான்.

அப்படியென்றால் ஜப்பானியக் கெய்ஷாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையா?

துளியும் இல்லை. பாக்கெட்டில் கிமோனோ கட்டிய பெண் படம் இருந்தால், அதை அச்சடித்தவருக்கு இந்தக் காபியின் கதை தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதியோப்பியக் காட்டில் இருந்தது பனாமாவுக்கு எப்படிப் போனது?

இதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். நடுவில் நம் ஆட்களும் வருகிறார்கள்.

1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் ஒரு நோய் தென்பட்டது. இலையின் அடிப்பக்கம் துரு ஏறினாற்போல ஆரஞ்சு நிறத்தில் பொடி படியும், இலை உதிரும், செடி மொட்டையாகும். இலைத்துரு என்று பெயர், பூஞ்சையால் வருவது. அன்றைக்கு இலங்கை உலகத்தின் பெரிய காபி நாடுகளில் ஒன்று. இருபது வருஷத்துக்குள் அந்தத் தொழிலே ஒழிந்து, மலையெல்லாம் தேயிலை ஆனது. மலையகத் தமிழர்களின் முன்னோர் கடல் கடந்து அங்கே முதலில் போனது தேயிலைக்கு இல்லை, கோப்பிக்குத்தான். தோட்டக்காரர்கள் அதை விட்டுத் தேயிலைக்கு மாறியதற்கு அந்தப் பூஞ்சைதான் முக்கியக் காரணம்.

அதற்கப்புறம் காபி விளையும் நாடுகளுக்கெல்லாம் ஒரே கவலை: துரு தாங்கும் செடி எங்கே கிடைக்கும்? காபியின் தாய்வீடு எதியோப்பியா. அங்கே காட்டில் ஆயிரம் விதமான செடி இருக்கும், அதில் தாங்குகிற ஏதாவது இருக்காதா என்று தேடினார்கள். 1930களில் கெஷா பக்கத்துக் காட்டில் சேகரித்த விதைகள் கென்யாவுக்குப் போயின. பிறகு தான்சானியாவில் லியாமுங்கு ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ந்தன. அங்கிருந்து 1953இல் கோஸ்டா ரிக்காவின் துரியால்பாவில் உள்ள ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்து, டி2722 என்ற எண்ணில் பதிவாயின. துரு அப்போது அமெரிக்கக் கண்டத்தை எட்டவே இல்லை. பிரேசிலில் அது காலெடுத்து வைத்தது 1970இல். வெள்ளம் வருமுன் அணை போடுகிற வேலைதான் அது. 1960களில் அந்த விதையை அக்கம்பக்கத்து நாடுகளுக்குக் கொடுத்தார்கள். பனாமாவுக்குக் கொண்டுவந்தவர் டான் பாச்சி என்று அழைக்கப்பட்ட பிரான்சிஸ்கோ செராசின், 1963இல்.

இவ்வளவு தூரப் பயணத்தில் ருசி என்ற பேச்சே யாரும் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். டி2722 ஒரு நோய் தாங்கும் செடி, அவ்வளவுதான்.

இவ்வளவு நல்ல ரகத்தை 40 வருஷம் ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை?

விவசாயி கண்ணால் பார்த்தால் இது உருப்படாத செடி. ஒல்லியாக நெடுநெடுவென்று வளரும். கிளை சட்டென்று ஒடியும். கணுக்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், காய் குறைவு. கிலோ கணக்கில் கூலியும் விலையும் பேசுகிற இடத்தில் இதை யார் நடுவார்கள்? நட்டவர்களும் வேலியோரம், ஓடையோரம் என்று விட்டுவைத்தார்கள்.

அதோடு, காய்த்ததையும் மற்ற ரகங்களோடு ஒன்றாகக் கொட்டித்தான் பதப்படுத்தினார்கள். பத்துக் கூடை சாதாரணப் பழத்தில் அரைக்கூடை கெய்ஷா கலந்தால் ருசி எங்கே தெரியும்? இந்த ரகத்தின் கதையிலேயே என்னை அதிகம் உறுத்துவது இதுதான். மணம் கண்டுபிடிக்கப்படக் காத்துக்கொண்டு எங்கோ ஒளிந்திருக்கவில்லை. வருஷா வருஷம் சந்தைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது, மூட்டைக்குள் கலந்து. தனியாக எடுத்து ஒரு கோப்பை போட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அப்புறம் யார் போட்டுப் பார்த்தது?

பனாமாவின் சிரிகி மாகாணத்தில், பாரு எரிமலையின் சரிவில் போகேத்தே என்று ஒரு மலையூர். அங்கே ஹசியெண்டா லா எஸ்மெரால்டா என்ற பண்ணை. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் தலைவராக இருந்த ருடால்ஃப் பீட்டர்சன் 1960களில் வாங்கியது. அவர் மகன் பிரைஸ் பீட்டர்சன் ஆராய்ச்சிப் படிப்பு படித்துவிட்டு, 1970களில் குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார். ஆரம்பத்தில் மாடு, பால்தான் பிழைப்பு. காபி அப்புறம் வந்தது.

1990களின் பிற்பகுதியில் அவர்கள் ஹராமிய்யோ என்ற பக்கத்துத் தோட்டத்தையும் வாங்கினார்கள். அங்கே இன்னொரு பூஞ்சை நோய். அந்த ஊரில் 'சேவல் கண்' என்கிறார்கள், இலையில் வட்ட வட்டமாகப் புள்ளி விழும். பெரும்பாலான செடிகள் அடிவாங்க, நெட்டையான ஒரு ரகம் மட்டும் தப்பித்து நின்றது. சரி, இதையே நடுவோம் என்று அதுவரை காபி நடாத உயரம் வரைக்கும், 1,650 மீட்டர் வரை, நட்டார்கள். கவனித்தீர்களா, இரண்டாவது தடவையும் இந்தச் செடிக்கு வாழ்வு கொடுத்தது ஒரு நோய்தான்.

2004இல் பிரைஸின் மகன் டேனியல், தோட்டத்தின் ஒவ்வொரு பகுதிக் காயையும் தனித்தனியாகப் பதப்படுத்திக் குடித்துப் பார்த்தார். மேட்டிலிருந்து வந்த கெய்ஷா மட்டும் காபி மாதிரியே இல்லை. அதை மட்டும் தனி மூட்டையாக 'பெஸ்ட் ஆஃப் பனாமா' போட்டிக்கு அனுப்பினார்கள். முதலிடம். ஏலத்தில் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம், 21 டாலர். உலகச் சந்தையில் காபி ஒரு டாலருக்கும் கீழே கிடந்த சமயம் அது.

சரி, ருசி எப்படித்தான் இருக்கும்?

முதலில் எது இருக்காது என்று சொல்லிவிடுகிறேன். நுரை, கெட்டி, கசப்பு, சிக்கரி கொடுக்கிற அந்தக் கருகிய வாசம், தொண்டையில் நிற்கும் அழுத்தம் எதுவும் இருக்காது. கும்பகோணம் டிகிரி காபியை நினைத்துக்கொண்டு வாயில் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். என் அம்மாவுக்கு ஒரு தடவை பயபக்தியோடு போட்டுக் கொடுத்தேன். முழுக்கக் குடித்துவிட்டு, "டீ நல்லாத்தான் இருக்கு, காபி எப்போ வரும்?" என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை. திரவம் பால் சேர்க்காத டீ போல மெலிதாக, தெளிவாக இருக்கும். பொடியைத் திரிக்கும்போதே மல்லிகை வரும். மெல்லிய ஞாபகம்போல இல்லை, நிஜமாகவே பூக்கூடையைத் திறந்த வாசம். வெந்நீர் பட்டதும் பெர்கமாட் என்கிற எலுமிச்சை வகையின் வாசம். ஏர்ல் கிரே டீ குடித்தவர்களுக்குப் பழக்கமானது. குடிக்காதவர்கள் நார்த்தை இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், ஏறக்குறைய அந்தத் திசை. வாயில் வைத்தால் இனிப்போடு ஒரு புளிப்பு. கமலா ஆரஞ்சின் புளிப்பு, புளியங்காயின் புளிப்பு இல்லை. பீச், பப்பாளி, சில சமயம் மாம்பழம்.

சூட்டோடு மடமடவென்று குடிக்காதீர்கள், இதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. ஆற ஆறத்தான் பழ ருசி மேலே வரும். நம்மூர்க் காபி ஆறினால் கீழே ஊற்றத்தான் லாயக்கு. இது வெதுவெதுப்பானபோது குடிப்பதுதான் உச்சம்.

மல்லிகை வாசத்துக்கு ஏதாவது எசென்ஸ் கலக்கிறார்களா?

முறையான கெய்ஷாவில் எதுவும் கலப்பதில்லை. மல்லிகையிலும் பெர்கமாட்டிலும் மணம் தருகிற பொருட்களில் லினலூல் ஒன்று. அது காபிக்கொட்டையிலும் உண்டு. பூவும் கொட்டையும் சில மணப்பொருட்களைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று புரிந்துகொண்டால் போதும். ஆனால் பழங்களோடும் வாசனைப் பொருட்களோடும் சேர்த்துப் புளிக்கவைத்த காபிகள் இப்போது சந்தையில் இருக்கின்றன. பாக்கெட்டில் அது எழுதியிருக்க வேண்டும். ஒரு தடவை ஒரு கடையில் வாங்கிய 'கெய்ஷா', திறந்ததும் ஸ்ட்ராபெர்ரி மிட்டாய் வாசம் அடித்தது. மூன்று நாள் அலமாரி முழுக்க அதே வாசம். அந்த மாதிரி இருந்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

மற்ற காபிக்கு ஏன் இந்த ருசி இல்லை?

ஒரு காரணம் பரம்பரை. உலகத் தோட்டங்களில் இருக்கும் அராபிகாவில் பெரும்பங்கு டிபிகா, பூர்பன் என்ற இரண்டு குடும்பத்தின் வாரிசு. இரண்டுமே ஏமன் வழியாக வெளியே போன கொஞ்சம் விதையிலிருந்து பெருகியவை. பாபா புடன் என்ற சூஃபி ஞானி ஏழு விதையை மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்று சொல்லும் கதையும் அந்த ஏமன் விதையைப் பற்றியதுதான். கெய்ஷா அந்த வழியில் வரவே இல்லை. காட்டிலிருந்து நேராகக் கிளம்பிய வேறொரு கிளை.

இன்னொன்று உயரம். மேலே போகப்போகக் குளிர், பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை இறுகும், இனிப்பும் புளிப்பும் கூடும். இது எல்லாக் காபிக்கும் பொருந்தும். ஆனால் கெய்ஷா இதில் ரொம்பக் கறார். தாழ்வான இடத்தில் நட்டால் நெட்டையாக வளரும், காய்க்கும், ருசி மட்டும் சப்பென்று இருக்கும். போகேத்தேயில் 'பஹரேக்கே' என்று ஒரு பனிச்சாரல் அடிக்கும். மழையும் இல்லை, மூடுபனியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அதுவும் சேர்ந்துதான் அந்த மண்ணின் ராசி.

வாஷ்டு, நேச்சுரல் என்று போட்டிருக்கிறதே, எதை வாங்குவது?

நம்மூர் வியாபாரத்தில் பார்ச்மெண்ட், செர்ரி என்பார்கள் இல்லையா, அதே வித்தியாசம்தான். பழத்தோலையும் பசையையும் நீக்கிக் கழுவிக் காயவைத்தால் வாஷ்டு. பழத்தை அப்படியே காயவைத்து அப்புறம் தோலுரித்தால் நேச்சுரல். முதன்முதலாகக் குடிக்கிறவர் வாஷ்டு வாங்குங்கள். ரகத்தின் சொந்த முகம், அந்த மல்லிகை, அதில்தான் தெளிவாகத் தெரியும். நேச்சுரலில் பழ ருசி தூக்கலாக இருக்கும், சில சமயம் லேசாக ஒயின் வாடை. நன்றாக இருந்தாலும் எனக்கு இரண்டாம் பட்சம்தான். 30,204 டாலருக்குப் போனதும் வாஷ்டுதான், லா எஸ்மெரால்டா பண்ணையுடையது.

நம்ம பித்தளை ஃபில்டரில் டிகாஷன் இறக்கிப் பால் ஊற்றலாமா?

நான் ஊற்றியிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், வேண்டாம். பாலும் சர்க்கரையும் சேர்ந்ததும் பூவும் இல்லை, பழமும் இல்லை, நீர்த்துப்போன ஒரு காபி. அந்த நூறு கிராமுக்குக் கொடுத்த பணத்தை நினைத்து இரண்டு நாள் வயிறு எரிந்தது. நம் ஃபில்டர் காபிக்கு ஏற்றது கறுக்க வறுத்த பிளாண்டேஷன், பீபெரி, கொஞ்சம் ரோபஸ்டா. பாலை எதிர்த்து நிற்கிற கொட்டைகள் அவை. அதில் குறையே இல்லை, தினமும் காலையில் நானும் அதைத்தான் குடிக்கிறேன்.

பித்தளை ஃபில்டர் மட்டும்தான் இருக்கிறது என்றால், சிக்கரி இல்லாமல் பொடியைச் சற்று நறநறப்பாகத் திரித்துப் போட்டு, இறங்கிய டிகாஷனில் வெந்நீர் விளாவிக் குடிக்கலாம். முழு ருசி வராது, பாதி வரும்.

சரியான முறை எது?

காகித வடிகட்டி வைத்து வெந்நீர் ஊற்றும் முறை. 15 கிராம் பொடிக்கு 240 மில்லி தண்ணீர். நல்ல குடிநீராக இருக்க வேண்டும், உப்புத்தண்ணீரில் இந்தக் காபியைப் போடுவதும் போடாததும் ஒன்று. கொதித்த தண்ணீரை ஒரு நிமிஷம் ஆறவிட்டால் 92, 93 டிகிரி செல்சியஸுக்கு வரும். முதலில் பொடி நனையும் அளவுக்கு ஊற்றி அரை நிமிஷம் விடுங்கள். மிச்சத்தை இரண்டு மூன்று தடவையாக மெதுவாக ஊற்றினால் மூன்று நிமிஷத்தில் இறங்கிவிடும். புளிப்பு ஏறிப்போனால் பொடியை இன்னும் நைசாக்குங்கள், கசந்தால் நறநறப்பாக்குங்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

விலை ஏன் இப்படி? குடிக்கிறவர்களுக்குப் பைத்தியமா?

இரண்டு விலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கெய்ஷாவின் சாதாரண விலை, விளைச்சல் குறைவு, உயரமான நிலம், பழுத்ததை மட்டும் பொறுக்கிப் பறிக்கும் கூலி என்று கணக்குப் போட்டால் ஓரளவு நியாயப்படும். போகேத்தே பக்கம் பறிப்பவர்களில் பெரும்பாலோர் ங்கோபே பூர்வகுடி மக்கள். மரம் உயரம், கிளை ஒடியும், ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

ஏல விலை வேறு விஷயம். 2004இல் பவுண்டு 21 டாலர். 2007இல் 130. 2013இல் 350. 2019இல் எலிடா என்ற வேறொரு பண்ணையின் கெய்ஷா 1,029 டாலர். அப்புறம் கிலோ கணக்குக்கு மாறி, 2025இல் 30,204. அந்தக் கடைசி விலைக்கு விற்றது மொத்தமே 20 கிலோ. வாங்கியது துபாய்க் காபிக்கடை. வறுத்தால் எடை சுமார் 15 சதவீதம் குறையும், ஒரு கோப்பைக்கு 15 கிராம் என்றால் ஒரு கிலோவில் 56 கோப்பை தேறும். கொட்டைக்கு மட்டும் கோப்பைக்கு 500 டாலருக்கு மேல். அது விளம்பரமும் பெருமையும் சேர்ந்த விலை. நாக்குக்குத் தெரியும் வித்தியாசம் அந்த அளவுக்கு இல்லை என்பது என் கட்சி.

புனுகுப் பூனை காபி மாதிரிதானே இதுவும்?

இல்லவே இல்லை. அது, பழத்தைத் தின்ற மிருகத்தின் எச்சத்திலிருந்து பொறுக்கும் கொட்டை. அதன் விலைக்குக் காரணம் வினோதம். ருசிப்பவர்கள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை, கூண்டில் அடைத்த பிராணிகளின் கொடுமை வேறு. கெய்ஷா பெயர் வாங்கியது, எந்தத் தோட்டம் என்றே தெரியாமல் கோப்பையை மட்டும் வைத்து நடுவர்கள் மதிப்பெண் போடும் போட்டிகளில்.

எதியோப்பியாவில் கிடைக்கும் கெஷாவும் பனாமா கெய்ஷாவும் ஒன்றா?

கிட்டத்தட்டச் சொந்தக்காரர்கள், ஒரே ஆள் இல்லை. பனாமாவில் இருப்பது டி2722 வழி வந்தது. மரபணுச் சோதனையில் அது தனித்த, ஒரே சீரான ரகம் என்று தெரிகிறது. எதியோப்பியக் காட்டில் இருப்பது ஒரு கூட்டம், செடிக்குச் செடி வேறுபடும். 2011இல் தொடங்கிய கெஷா வில்லேஜ் என்ற பண்ணை அந்தப் பகுதியிலேயே விதை பொறுக்கி வளர்க்கிறது. ருசியில் பூவாசம் உண்டு, மசாலா வாடை சற்றுக் கூட. மலாவியில் கெய்ஷா 56 என்று ஒன்று உண்டு. பெயர்தான் ஒன்று, அது வேறு ரகம்.

ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ நடலாமா?

போகேத்தே நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 டிகிரிக்குச் சற்றுக் கீழே. பழனி மலை 10 டிகிரி. அட்சரேகையில் பெரிய வித்தியாசமில்லை. உயரத்தில்தான் இடிக்கும். நம் காபி பெரும்பாலும் 1,000 முதல் 1,500 மீட்டருக்குள். அதோடு பருவமழை ஒரே மூச்சில் கொட்டும். முயன்று பார்க்கலாம், போகேத்தே கோப்பை இங்கே இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் தயவுசெய்து வெளிநாட்டிலிருந்து விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். இலங்கையில் நடந்ததை மேலே படித்தீர்கள்.

எதியோப்பிய ரத்தம் கலந்த செடி நம்மிடமே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. செலெக்ஷன் 9 என்ற இந்திய ரகம், எதியோப்பியாவின் தஃபாரிகேலா என்ற செடியையும் துரு தாங்கும் தீமோர் கலப்பினத்தையும் சேர்த்து உண்டாக்கியது. வாஷ்டு செலெக்ஷன் 9, லேசாக வறுத்தது கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். கெய்ஷா இல்லை, ஆனால் அந்தத் தெருவுக்கு வழி காட்டும், விலையும் கைக்கு அடக்கம்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பண்ணையின் பெயர், ஊர், உயரம், பதப்படுத்திய முறை, வறுத்த தேதி. இந்த ஐந்தும் இல்லாமல் 'கெய்ஷா' என்று பெரிதாக மட்டும் எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். 'கெய்ஷா பிளெண்ட்' என்றால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். கொட்டையாகவே வாங்குங்கள், பொடியாக வேண்டாம். கொட்டை மற்றவற்றை விட நீளமாக, இரண்டு முனையும் கூம்பி இருக்கும். நிறம் இளம்பழுப்பாக இருக்க வேண்டும். எண்ணெய் மினுங்கும் அளவுக்குக் கறுக்க வறுத்திருந்தால் மல்லிகை புகையோடு போயிருக்கும்.

எத்தனை நாள் வைத்துக் குடிக்கலாம்?

வறுத்த அன்றே குடிக்காதீர்கள், பத்து நாளாவது போகட்டும். அதன்பின் ஒரு மாதம் நன்றாக இருக்கும். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தூரமாக, பெருங்காயத்துக்கு அதைவிடத் தூரமாக வையுங்கள். விருந்தாளிக்கென்று எடுத்துவைத்தால் வாசம் போய்விடும், விருந்தாளியும் பால் கேட்பார்.